உப்புக்காத்துல சிக்கிப்போன பழைய ஃபிலிம் கேமராவை வீட்டுலயே பிரிச்சு சரி பண்றது எப்படி

நம்ம ராமநாதபுரம் கரையோரத்துல பரண்லயும் பீரோலயும் கிடக்குற பழைய கேமராக்கள்ல நான் பார்த்த வரைக்கும் முக்காவாசி உடைஞ்சு போனது இல்ல, சிக்கிக்கிட்டு நிக்குது அவ்வளவுதான். உப்பு ஏறி ஸ்க்ரூ பிடிச்சிருக்கும், கிரீஸ் கெட்டியாயிருக்கும், ஷட்டர் இதழ்ல (படம் எடுக்கும்போது திறந்து மூடுற மெல்லிசு தகடு) எண்ணெய் கசிஞ்சு ஒட்டியிருக்கும், லென்ஸ் உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும். இதை எல்லாம் பார்த்துட்டு "போயிருச்சு, இனி ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு"ன்னு சொல்லிடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். பொறுமையும் நாலு சாமானும் இருந்தா நிறைய கேமராவை வீட்டு மேசையிலயே உயிர்ப்பிச்சிடலாம்.

இணையத்துல கேமரா ரிப்பேர் பத்தி நிறைய இருக்கு, ஆனா அதெல்லாம் குளிர் ஊர்ல, காஞ்ச காத்துல உக்காந்து எழுதினது. அவங்க சொல்ற எல்லாத்தையும் அப்படியே நம்ம ஊர்ல செஞ்சா ஒரு விஷயம் விட்டுப்போகும், அது உப்பு. அவங்க எடுத்தவுடனே ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டு துடைக்கச் சொல்வாங்க, இல்ல ஒயிட் பெட்ரோல் (வண்டிக்குப் போடுறது இல்ல, துடைக்கிறதுக்கு விக்கிற சுத்தமான வகை) போட்டு துடைக்கச் சொல்வாங்க. உப்பு பெட்ரோல்ல கரையாது, சுத்தமான ஐபிஏலயும் கரையாதுன்னே சொல்லலாம். எண்ணெயும் பிசுக்கும் போயிடும், பார்க்க பளிச்சுன்னு இருக்கும், ஆனா உப்பு அங்கயேதான் இருக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தை தாண்டினா உப்பு தானாவே தண்ணிய இழுத்துக்கும், வாடைக்காத்து காலத்துல நம்ம ஊர்ல அது தினசரி நடக்குறதுதான். அதனாலதான் துடைச்சு வச்ச கேமரா அடுத்த மழைக்குள்ள திரும்ப பச்சை பூத்துடுது. எண்ணெய் போன இடத்துல உலோகத்துக்கு இருந்த பாதுகாப்பும் போயிடுதுங்கிறதையும் சேர்த்துக்கங்க.

அதனால நம்ம ஊருக்கு வரிசை இதுதான்: முதல்ல டிஸ்டில்டு வாட்டர்ல லேசா நனைச்ச பட்ஸ், அதுக்கப்புறம் ஐபிஏ, பிசுக்கு மிச்சம் இருந்தா மட்டும் ஒயிட் பெட்ரோல். தண்ணி உப்பை எடுக்கும், ஐபிஏ அந்த தண்ணிய எடுத்துட்டு காஞ்சு போயிடும். டிஸ்டில்டு வாட்டர் தேடி எங்கயும் அலைய வேணாம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துறதுக்கு பேட்டரி கடையில கேன்ல விக்கிறாங்களே அதேதான், ஆசிட் கலக்காததான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. குழாய்த்தண்ணியோ கிணத்துத்தண்ணியோ வேணாம், நம்ம ஊர் தண்ணியிலயே உப்பு.

எந்த கேமராவை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

கீழக்கரை பக்கம் பாத்தா சபுராளிங்க (வெளிநாட்டுக்குப் பொழைக்கப் போனவங்க) துபாய், சிங்கப்பூர், கொழும்புல இருந்து கொண்டு வந்த யாஷிகா நிறைய இருக்கும். அதுல எலக்ட்ரோ 35 ஒரு அருமையான கேமரா, 1966ல முதல் மாடல் வந்துச்சு, அப்புறம் வந்த ஜிஎஸ்என் மாடல்தான் அதிகமா கையில கிடைக்கும், 45 எம்எம் எஃப் 1.7 லென்ஸ், இன்னிக்கும் அந்த லென்ஸை குறை சொல்ல முடியாது. இந்த கட்டுரையில உதாரணத்துக்கு அதைத்தான் எடுத்துக்கிறேன். சில வீட்ல ஆக்ஃபா க்ளிக் 3 இருக்கும், இந்தியாவுலயே தயாரிச்ச பெட்டி கேமரா, 120 ஃபிலிம்ல 12 சதுர படம். முதல் முதலா பிரிச்சுப் பழகுறவங்களுக்கு அதைவிட நல்லது இல்ல, உள்ள பயப்படுற அளவுக்கு ஒண்ணுமே இருக்காது, ஒரு ஸ்ப்ரிங், ஒரு தகடு, ஒரு லென்ஸ்.

தொடக்கூடாதது ஃப்ளாஷ் உள்ளயே வச்ச ஆட்டோ கேமராக்கள். அதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் வரைக்கும் நிக்கும், பேட்டரிய கழட்டி ரொம்ப நாள் ஆனாலும் முழுசா இறங்கியிருக்கும்னு நம்பக்கூடாது. எலக்ட்ரானிக்ஸ் கை பழகினவங்க பாத்துக்கட்டும், நீங்க விட்டுடுங்க. அதே மாதிரி கடல்ல விழுந்து எடுத்த கேமராவை வெயில்ல காயப்போடாதீங்க, தண்ணி காஞ்சு உப்பு மட்டும் உள்ள நின்னுடும். பேட்டரிய கழட்டிட்டு அன்னிக்கே டிஸ்டில்டு வாட்டர்ல முக்கி அலசி, அன்னிக்கே பிரிச்சாதான் உண்டு. ஒரு வாரம் கழிச்சு பிரிச்சா அலுமினியம் வெள்ளை மாவா கொட்டும்.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்குறதுக்கு முன்னாடி

முதல்ல வெளியில இருந்தே நோயைக் கண்டுபிடிங்க. பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தைப் பாத்து லென்ஸ் வழியா கண்ணை வச்சுக்கிட்டு ஷட்டர் அடிச்சுப் பாருங்க. இதழ் திறக்குதா, திறந்து உடனே மூடுதா, பாதியில நிக்குதா. வெளிச்சம் வர்ற ஓட்டையைக் கூட்டிக் குறைக்கிற அப்பர்ச்சர் வளையத்தை முழுக்க திருப்பிப் பாருங்க, ஓட்டை சின்னதாகுதா. செல்ஃபோன் டார்ச்சை லென்ஸுக்கு நேரா இல்லாம சாய்வா அடிச்சா பூஞ்சை இருந்தா சிலந்தி நூல் மாதிரி தெரியும், தூசின்னா புள்ளி புள்ளியா தெரியும். தூசியைப் பத்தி கவலையே படாதீங்க, கொஞ்சம் தூசி படத்துல தெரியவே தெரியாது, அதுக்காக லென்ஸைத் திறக்கிறது தேவையில்லாத ஆபத்து.

எலக்ட்ரோல இன்னொரு சோதனை இருக்கு. பேட்டரி இல்லாமலே அடிச்சாலும் ஷட்டர் 1/500 வேகத்துல வேலை செய்யும், அதனால பேட்டரி இல்லாம இதழ் நல்லா திறந்து மூடுதுன்னா மெக்கானிக்கல் பகுதி நல்லா இருக்குன்னு அர்த்தம், பிரச்சனை மின்சாரப் பக்கம். ஃபிலிமை நகர்த்துற லீவரை இழுக்கும்போது உள்ள "டக்"னு ஒரு சத்தம் வரணும். அது வரலைன்னா உள்ள இருக்கிற ஒரு சின்ன ரப்பர் பேட் மக்கிப்போச்சு, இந்த மாடலோட பிரசித்தி பெற்ற வியாதி அது. மாத்த முடியும், ஆனா கேமராவோட நடுவயித்துல இருக்கு, முதல் தடவை பிரிக்கிறவங்க அதுல கை வைக்க வேணாம்.

நோய் எங்கன்னு தெரிஞ்சதும் அந்த இடத்துக்குப் போற வழியை மட்டும் திறங்க. முன்னாடி ஷட்டர் ஒட்டியிருந்தா மேல்மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு முழுசா பிரிக்கிறவங்க கேமராதான் கடைசியில டப்பாவுல ஸ்க்ரூவோட ஸ்க்ரூவா கிடக்கும்.

சாமான்

நிறைய செலவு பண்ண வேணாம். ஜப்பான் கேமராவுல இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ ஜேஐஎஸ்ங்கிற ஜப்பான் அளவு, நம்ம சாதா ஸ்டார் டிரைவர் அதுல சரியா உக்காராது, அழுத்தித் திருப்பினா தலை வழுக்கிடும், அதுவும் உப்பு பிடிச்ச ஸ்க்ரூன்னா ஒரே தடவையில போயிடும். அதனால காசு போடுறதுன்னா ஜேஐஎஸ் டிரைவர் செட்டுல போடுங்க, மத்ததுல மிச்சம் பிடிக்கலாம். ட்வீசர், ஐபிஏ, காத்தடிக்கிற ரப்பர் பல்பு எல்லாம் மொபைல் சர்வீஸ் கடையில வச்சிருப்பாங்க, நீங்க கேட்டா எங்க வாங்கினோம்னு சொல்லிடுவாங்க. கண்ணுல மாட்டுற லென்ஸ் வாட்ச் ரிப்பேர்காரங்ககிட்ட கேளுங்க. பேர் எழுதின வளையம் மாதிரி பிடிமானம் இல்லாததைத் திருப்ப சைக்கிள் டியூப்பை ஒரு மூடி மேல இழுத்து ஒட்டினா போதும், காசு கொடுத்து வாங்குற ரப்பர் டூலுக்கு சமமா வேலை செய்யும். ரெண்டு முனை வச்ச லென்ஸ் ஸ்பானர் ஒண்ணு மட்டும் ஆன்லைன்ல வாங்கணும், கத்திரிக்கோல் முனையை வச்சு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, வழுக்கினா லென்ஸ் மேல கோடு, அது ஜென்மத்துக்கும் போகாது.

ரெண்டு பொருளை அந்த மேசை பக்கமே கொண்டு வராதீங்க. ஒண்ணு டபிள்யூடி-40, அது துரு பிடிச்ச கதவுக்கு நல்லது, கேமராவுக்குள்ள அடிச்சா எல்லா இடத்துக்கும் பரவி இதழ்ல ஏறி ஒட்டும். இன்னொண்ணு ஃபெவிக்விக். அது காயும்போது வர்ற ஆவி பக்கத்துல இருக்கிற கண்ணாடி மேல வெள்ளையா படியும். தோல் ஒட்டறதுக்கு ஃபெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசை மெல்லிசா தடவினா போதும்.

இதுல எண்ணெய் விஷயம் நான் கத்துக்கிட்டது ராமநாதபுரத்துல ஒரு வயசான வாட்ச் கடைக்காரர்கிட்ட. சிக்கின ஷட்டரைக் காட்டி "அண்ணே, இதுக்கு ஒரு சொட்டு வாட்ச் எண்ணெய் விடலாமா"ன்னு கேட்டேன். கண்ணாடிய இறக்கிட்டு பாத்தவர், "தம்பி, பல்சக்கரம் இருந்தா எண்ணெய் கேக்கும், இது வெறும் தகடுப்பா, தகடு மேல தகடு காஞ்சுதான் ஓடணும், எண்ணெய் விட்டுத்தான இது இப்படி நிக்குது"ன்னாரு. லீஃப் ஷட்டர் இதழுக்கு அதுதான் விதி, எண்ணெய் கூடவே கூடாது.

எப்ப உக்காரணும்

இது சின்ன விஷயமா தெரியும், ஆனா நம்ம கரையில இது பாதி வேலை. வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கேமராவைத் திறந்து வச்சா உள்ள இருக்கிற இரும்பு எல்லாம் ஈரத்தைக் குடிக்கும். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற காலத்துல மணல். மாசி, பங்குனிதான் தோதான நேரம், காத்து ஓஞ்சிருக்கும். அதுலயும் விடியக்காலையில வேணாம், அப்பதான் ஈரப்பதம் உச்சத்துல இருக்கும், வெயில் நல்லா ஏறினப்புறம் கடல் பக்கத்து ஜன்னலை சாத்திட்டு உக்காருங்க. ஃபேனை நிறுத்துங்க, வேர்க்கும், அதனால நெத்தியில துண்டைக் கட்டிக்கங்க, வேர்வையும் உப்புதான். விரலுக்கு ரப்பர் உறை போட்டுக்கிட்டா நல்லது. ஒயிட் பெட்ரோல் எடுக்கிற நேரத்துல மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைங்க, அடுப்பு, கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் அந்த ரூம்ல எரியக்கூடாது.

மேசை மேல வெள்ளை துண்டை விரிங்க, விழுந்த ஸ்க்ரூ துள்ளாது, கண்ணுக்கும் தெரியும். ஐஸ் ட்ரேல குழி குழியா கழட்டின வரிசைப்படி ஸ்க்ரூவைப் போடுங்க, ஒவ்வொண்ணும் கழட்டுறதுக்கு முன்னாடி செல்லுல ஒரு படம். ஒரே மாதிரி தெரியிற ரெண்டு ஸ்க்ரூ நீளத்துல வேறயா இருக்கும், நீளமானதை குட்டை இருக்க வேண்டிய இடத்துல போட்டு இறுக்கினா உள்ள எதையாவது போய் அழுத்தி நிறுத்திடும், மாட்டி முடிச்சதும் கேமரா நகராது, ஏன்னு தெரியாது.

பச்சை பூத்த ஸ்க்ரூ

முதல் ஸ்க்ரூவுலயே நம்ம ஊர் கேமரா தன் குணத்தைக் காட்டிடும். பித்தளைன்னா பச்சை, அலுமினியம்னா வெள்ளை மாவு, இரும்புன்னா துரு. அப்படியே டிரைவரை வச்சு முறுக்காதீங்க. முதல்ல ஸ்க்ரூ தலையில இருக்கிற பொடியை பல்குச்சி முனையால சுரண்டி எடுங்க, டிரைவர் அடி வரைக்கும் இறங்கி உக்காரணும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்ச பட்ஸை தலை மேல கொஞ்ச நேரம் வச்சு எடுங்க, அந்த பட்ஸ் பச்சையா வரும், பச்சை வர்றது நிக்கிற வரைக்கும் புதுசு புதுசா மாத்துங்க, அதுக்கப்புறம் ஐபிஏ போட்டு காய விடுங்க. இவ்வளவுலயே பாதி ஸ்க்ரூ திரும்பிடும். திரும்பலைன்னா சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில மட்டும் சில நொடி வைங்க, சூட்டுல விரிஞ்சு பிடி விடும், ஆறினதும் டிரைவரை நேரா நிறுத்தி, அழுத்தத்துக்கு முக்கால் பங்கு பலம், திருப்புறதுக்கு கால் பங்கு பலம்னு போடுங்க. பிளாஸ்டிக் பக்கத்துல இருந்தா அயர்ன் வேணாம். முதல்ல துளி இறுக்குற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் கழட்டுற பக்கம் திருப்பினா இன்னும் சுலபமா வரும்.

சில கேமராவுல லீவர் மேல இருக்கிற மூடி எதிர்மரையா இருக்கும். நியாயமான பலத்துக்கு வரலைன்னா பலத்தைக் கூட்டாதீங்க, அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க. ரீவைண்ட் குமிழ் கழட்ட பின்மூடியைத் திறந்து, உள்ள ஃபிலிம் டப்பாவைப் பிடிக்கிற கவைக்குள்ள ஒரு ஐஸ் குச்சியை நிறுத்திப் பிடிச்சுக்கிட்டு மேல இருக்கிற குமிழை இடது பக்கமா திருப்பினா வந்துடும்.

ஒட்டின ஷட்டரை விடுவிக்கிறது

எலக்ட்ரோல முன்னாடி லென்ஸைச் சுத்தி பேர் எழுதின வளையத்தை அந்த சைக்கிள் டியூப் டூலால அழுத்தித் திருப்பினா வரும். அதுக்குள்ள முன் லென்ஸ் தொகுதி, அதுல ஸ்பானர் வைக்கிறதுக்கு காடி (சின்ன பள்ளம்) இருக்கும், அதைத் திருகி எடுத்தா நேரா ஷட்டர் இதழ் தெரியும். எடுத்த லென்ஸை சுத்தமான டப்பாவுல மூடி வைங்க, துண்டு மேல கவுத்து வைக்காதீங்க.

இப்ப கண்ணுல லென்ஸை மாட்டி நல்லா பாருங்க. காஞ்ச இதழ் மங்கலான சாம்பல் நிறத்துல ஒரே சீரா இருக்கும். எண்ணெய் ஏறினதுன்னா ஒரு இதழ் மேல இன்னொண்ணு ஏறுற விளிம்பை ஒட்டி வானவில் நிறத்துல ஒரு கோடு மினுங்கும், வெளிச்சத்தை அசைச்சா அதுவும் அசையும். அதுதான் குற்றவாளி. பட்ஸை ஒயிட் பெட்ரோல்ல நனைச்சு, துண்டுல ஒத்தி ஈரம் மட்டும் நிக்கிற அளவுக்கு ஆக்கிட்டு இதழ் மேல மெதுவா தொடுங்க, அழுத்தாதீங்க, அந்த தகடு ரொம்ப மெல்லிசு, மடங்கினா நிமிர்த்த முடியாது. தொட்டதும் அந்த ஈரம் ரெண்டு இதழுக்கும் நடுவுல தானா ஓடிப் போறதைப் பாக்கலாம். உடனே காஞ்ச பட்ஸால ஒத்தி எடுங்க, மஞ்சள் கலந்த கருப்பா வரும். லீவரை இழுத்து ஷட்டர் அடிங்க. திரும்ப தொடுங்க, ஒத்துங்க, அடிங்க. பட்ஸ் வெள்ளையாவே வர்ற வரைக்கும், பெட்ரோல் முழுசா காஞ்சப்புறமும் இதழ் ஒட்டாம அடிக்கிற வரைக்கும் இதையே பண்ணணும். ஈரமா இருக்கும்போது ஷட்டர் அழகா வேலை செய்யும், அதைப் பாத்து ஏமாந்து மூடிடாதீங்க, ஒரு ராத்திரி விட்டுட்டு காலையில அடிச்சுப் பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்.

சொட்டு சொட்டா ஊத்தி ஊறவைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு. எலக்ட்ரோ மாதிரி மின்காந்தம் ஷட்டரைப் பிடிச்சு வைக்கிற கேமராவுல அது ஆபத்து, கரைஞ்ச பிசுக்கு அந்தக் காந்தத்தோட முகத்துல போய் படிஞ்சா அப்புறம் ஷட்டர் நேரம் தப்பா போகும்.

முன் தொகுதியைத் திரும்ப மாட்டும்போது எலக்ட்ரோல கவலை இல்ல, அது கடைசி வரைக்கும் இறங்கி உக்காரணும் அவ்வளவுதான், ஃபோகஸுக்கு லென்ஸ் மொத்தமா நகருற அமைப்பு அது. ஆனா ஒலிம்பஸ் ட்ரிப் 35, ஆக்ஃபா மடக்கு கேமரா மாதிரி முன் கண்ணாடி மட்டும் சுத்தி ஃபோகஸ் ஆகிறதுல இது உயிர்நாடியான இடம். வளையத்துல இருக்கிற பொடி ஸ்க்ரூவை லூஸ் பண்றதுக்கு முன்னாடி ஃபோகஸை கடைசி தூரத்துல வச்சு, ஊசி முனையால நகர்ற பகுதிக்கும் நகராத பகுதிக்கும் சேர்த்து ஒரு குறி போடுங்க. அப்புறம் கண்ணாடியைத் திருகி எடுக்கும்போது மரை விடுபடுற அந்த இடத்துலயும் இன்னொரு குறி. இந்த ரெண்டு குறி இல்லாம கழட்டினா திரும்ப எங்க கொண்டு வந்து நிறுத்துறதுன்னு தெரியாது. ட்ரிப்ல பி செட்டிங்கே (பட்டனை அழுத்தியிருக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்தே நிக்கிறது) கிடையாது, ஷட்டரைத் திறந்து வச்சு சரிபாக்கவும் வழி இல்ல, குறி மட்டும்தான் துணை. ஆக்ஃபால அந்த மரையில போட்ட பச்சை கிரீஸ் கல்லா இறுகியிருக்கும், ஹேர் ட்ரையர்ல மிதமா சூடு காட்டி, ஐபிஏ ஊற வச்சு, பொறுமையாதான் வரும்.

பூஞ்சை

லென்ஸுக்குள்ள பூஞ்சைன்னா கடையில "உள்ள போயிருச்சு"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. கழட்ட முடியுற கண்ணாடியில இருந்தா வீட்டுலயே எடுக்கலாம். மருந்துக்கடையில 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்க, லென்ஸ் டிஷ்யூவுல நனைச்சு கண்ணாடி மேல சில நிமிஷம் போட்டு வைங்க, ஓரத்துல இருக்கிற கருப்பு பெயிண்ட்ல படாம. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் ஐபிஏ, நடுவுல இருந்து வெளிப்பக்கமா சுத்தி ஒரே இழுப்பு. கைக்குட்டை, சட்டை நுனி எல்லாம் வேணவே வேணாம், அதுல ஒட்டியிருக்கிற ஒரு மணல் போதும். பூஞ்சை நூல் போனப்புறமும் அதோட தடம் மாதிரி கோடு நின்னுச்சுன்னா அது கோட்டிங்கையே தின்னுடுச்சு, அதைத் தேய்க்காதீங்க, தேச்சா கோட்டிங் இன்னும் போகும். லேசான தடம் இருந்தாலும் படம் வரும், சூரியனுக்கு எதிரா எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கும்.

ரெண்டு கண்ணாடி ஒண்ணா ஒட்டின இடத்துக்கு நடுவுல பூஞ்சை இருந்தா விட்டுடுங்க. எஸ்எல்ஆர் கேமராவுல (லென்ஸ் வழியாவே பாத்து எடுக்கிற வகை) லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற முகம் பாக்குற மாதிரி கண்ணாடியைத் தொடாதீங்க, வெள்ளிப்பூச்சு மேல்பக்கமே இருக்கும், துடைச்சா உரிஞ்சுடும், காத்தடிச்சா போதும். எலக்ட்ரோ மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர்ல (தனி ஜன்னல் வழியா பாத்து ஃபோகஸ் பண்ற வகை) மேல்மூடிக்குள்ள இருக்கிற பாதி வெள்ளி பூசின கண்ணாடிக்கும் அதேதான். முன்னும் பின்னும் இருக்கிற வெளிக் கண்ணாடியை மட்டும் துடைச்சாலே வியூஃபைண்டர் எவ்வளவு தெளியும்னு பாத்தா ஆச்சரியப்படுவீங்க. மேல்மூடியைத் தூக்கும்போது மட்டும் மெதுவா, ஃப்ளாஷ் மாட்டுற இடத்துக்கு வயர் போகும், வெடுக்குன்னு இழுத்தா அறுந்துடும்.

பேட்டரியும் கருப்பு பஞ்சும்

எலக்ட்ரோக்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இருந்துச்சு, இப்ப அது கிடையாது. 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டா தாங்கும். சைஸ் சின்னது, அதனால அட்டையைச் சுருட்டி குழாய் மாதிரி பண்ணி நடுவுல நிறுத்தி, மிச்ச இடத்துக்கு ஒரு ஸ்ப்ரிங் வைங்க, ப்ளஸ் மைனஸ் உள்ள போட்டிருக்கிற குறிப்படி. பின்னாடி இருக்கிற பட்டனை அழுத்தினா பச்சை வெளிச்சம் வரணும். வரலைன்னா பேட்டரி அறையில தொடுற தகட்டைப் பாருங்க, பழைய பேட்டரி கசிஞ்சு பூத்திருந்தா வினிகர் தொட்ட பட்ஸ், அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் ஐபிஏ. தகடு பளபளன்னு ஆகியும் வெளிச்சம் வரலைன்னா அதுல இருந்து போற வயரோட உள்பக்கம் பச்சை ஏறியிருக்கும், வெளியில உறை நல்லாதான் இருக்கும், நுனியை வெட்டிப் பாத்தா செம்பு கருத்திருக்கும். அந்த வயரை மாத்தி சால்டர் பண்ணிட்டா வேலை முடிஞ்சது, நம்ம கரையில இந்தக் கேஸ் ரொம்ப சகஜம்.

பின்மூடி ஓரத்துல இருக்கிற கருப்பு ஃபோம் இத்தனை வருஷத்துல தாரா உருகியிருக்கும். ஐபிஏ தொட்ட பல்குச்சியால வழிச்சு எடுங்க, ஷட்டர் பக்கம் விழாம கேமராவைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு. காடிக்குள்ள கருப்பு கம்பளி நூலை வச்சு அழுத்தினாலே வெளிச்சம் உள்ள வராது, பசை கூட வேணாம். கீல் பக்கம் மட்டும் கொஞ்சம் தடிமனா ஒட்டுற ஃபோம் பட்டை போடுங்க.

மாட்டினப்புறம்

ஃபிலிம் போடுறதுக்கு முன்னாடி ஃபோகஸ் பாக்கணும். பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடுற ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க ட்ரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, அப்பர்ச்சரை முழுசா திறந்து, பியில வச்சு பிடிங்க. பேட்டரி இருக்கணும். தூரத்துல ஏதாவது ஒண்ணைப் பாருங்க, பாம்பன்காரங்களுக்கு லைட் ஹவுஸ் இருக்கு, மத்தவங்களுக்கு செல்ஃபோன் டவர். பேப்பர்ல தலைகீழா விழுற படம் கடைசி தூரத்துல வைக்கும்போது கூர்மையா இருந்தா சரி.

வைக்கிற இடம்: காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள நிறம் மாறுற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40ல இருந்து 50க்குள்ள நின்னா போதும். அரிசி போடாதீங்க, மாவுதான் கொட்டும். அந்தக் காலத்து தோல் உறையை அதே டப்பாவுல வைக்காதீங்க, பூஞ்சையோட தாய்வீடே அதுதான். ஜெல் நிறம் மாறினா கடாயில சிம்ல வறுத்தா பழைய நிறத்துக்கு வந்துடும். கரைக்குக் கொண்டு போய் வந்த அன்னிக்கு ராத்திரியே டிஸ்டில்டு வாட்டர்ல பிழிஞ்ச துணியால வெளியில ஒரு துடை, அப்புறம் காஞ்ச துணி, அப்புறம்தான் டப்பா.

முதல் ரோலை கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அது சோதனை ரோல். 200 ஏஎஸ்ஏ (ஃபிலிமோட வேக அளவு) கலர் போதும். நல்ல வெயில்ல எஃப் 16 வச்சா எலக்ட்ரோ தானா 1/200 பக்கத்துல அடிக்கும், தனுஷ்கோடி மாதிரி மணலும் கடலும் சேர்ந்து கண்ணைப் பறிக்கிற இடத்துல 1/400க்குப் போகும், இன்னும் வெளிச்சம் கூடினா உள்ள சிவப்பு விளக்கு எரியும், இதுல 16க்கு மேல சின்னதாக்க முடியாது, வெளிச்சம் குறையுற வரைக்கும் பொறுங்க. நிழல்ல சில படம், வீட்டுக்குள்ள மஞ்சள் விளக்கு எரியிற வெளிச்சத்துல சில படம், ஒவ்வொண்ணுக்கும் என்ன வச்சீங்கன்னு எழுதிக்கங்க. ஃபிலிமை மாத்துறது மட்டும் வண்டிக்குள்ள உக்காந்து, மணல் காத்துல பின்மூடியைத் திறக்கவே கூடாது.

கழுவி வந்ததும் பிரிண்ட்டைப் பாக்காதீங்க, நெகட்டிவை வெளிச்சத்துல பிடிங்க. ஃபிலிம் ஓரத்துல இருந்து கருப்பு கோடு படத்துக்குள்ள ஓடியிருந்தா நூல் சரியா உக்காரல, அந்தப் பக்கத்து காடியை மட்டும் திரும்பப் பண்ணுங்க. படம் எல்லாமே கருகருன்னு இருந்தா ஷட்டர் மூட நேரம் எடுக்குது, இதழ்ல இன்னும் எண்ணெய் இருக்கு. நடுவுல சிலது மட்டும் படமே இல்லாம வெறுமையா இருந்தா இதழ் அப்பப்ப திறக்கவே இல்ல, அதுக்கும் வைத்தியம் அதேதான். ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் மங்கல்னா முன் தொகுதி சாஞ்சு மரை ஏறியிருக்கு, கழட்டி நேரா மாட்டுங்க. எல்லாம் சீரா இருந்தா மேல்மூடிக்குள்ள எட்டிப்பாக்கிற ஆசையை விட்டுட்டு அடுத்த ரோலைப் போடுங்க.